அந்த ஒரு பாயின்ட் எங்க போச்சு?

அன்புள்ள அண்ணா,

போன கட்டுரையில, நான் பாத்ததுலயே பெரிய சீசன் இங்கிலாந்து கால்பந்து கிளப் லிவர்பூலோட 2021-22ன்னு போற போக்குல ஒரு வரி எழுதிட்டுப் போயிட்டீங்க. நானும் லிவர்பூல் ரசிகன்தான், ஆனா எனக்கு அது இன்னிக்கும் வலிக்கிற சீசன். லீக் 1 பாயின்ட்ல போச்சு, சாம்பியன்ஸ் லீக் ஃபைனல் 1 கோல்ல போச்சு. கையில வந்தது லீக் கப்பும் எஃப்ஏ கப்பும், அதுலயும் ரெண்டு ஃபைனலும் 120 நிமிஷம் கோலே விழாம பெனால்டில ஜெயிச்சது. இந்த ரெண்டு கப்புக்குப் பின்னாடி ஓடி ஓடித்தான் டீம் களைச்சுப் போய் பெரிய ரெண்டையும் விட்டுச்சுன்னு நான் நினைக்கிறேன். கோச் க்ளாப் அந்தக் கப்பையெல்லாம் ஆரம்பத்துலயே விட்டுக் கொடுத்திருந்தா லீக் வந்திருக்காதா? நான் சொல்றது தப்புன்னா எங்க தப்புன்னு சொல்லுங்க. இன்னொண்ணு, அந்த சீசன்ல ஒரே ஒரு மேட்சைத்தான் திரும்பப் பாக்கலாம்னா எதைப் பாப்பீங்க?

இப்படிக்கு,
உங்க நெடுநாள் வாசகன்

தம்பி,

உங்க கடிதத்தை ரெண்டு மூணு தடவை படிச்சேன். வலிக்குதுன்னு சொன்னீங்களே, அது எனக்கும் அப்படியேதான் இருக்கு, அதுல உங்ககூட எனக்கு வாதமே இல்ல. ஆனா களைச்சுப் போனதால லீக் போச்சுன்னு சொல்றீங்க பாருங்க, அங்கதான் நான் ஒத்துக்க மாட்டேன். ஏன்னா அந்த 1 பாயின்ட் மே மாசத்துல போகவே இல்ல. அது ஜனவரி 2ஆம் தேதிக்குள்ளயே போயிடுச்சு.

கணக்கைப் பாருங்க. ஜனவரி 2 அன்னிக்கு செல்சிகூட 2-2 டிரா ஆனப்போ லிவர்பூல் 20 மேட்ச் ஆடி 42 பாயின்ட். அதுக்கப்புறம் மிச்சம் இருந்த 18 மேட்ச்ல 16 வெற்றி, 2 டிரா, தோல்வியே கிடையாது, 50 பாயின்ட். ஜனவரி நடுவுல மான்செஸ்டர் சிட்டி 14 பாயின்ட் முன்னாடி நின்னுச்சு (நமக்கு 2 மேட்ச் பாக்கி இருந்துச்சு, இருந்தாலும் 14ங்கிறது 14தான்). அங்கேருந்து துரத்திப் போய் கடைசில 92க்கு 93ன்னு முடிச்ச டீமைக் களைச்ச டீம்னு எப்படிப்பா சொல்றது? அதுவும் ஜனவரில சலா, மானே, கெய்ட்டா மூணு பேரும் ஆப்பிரிக்கக் கோப்பைக்குப் போயிருந்தப்போ பிரென்ட்ஃபோர்டை 3-0, பேலஸை 3-1ன்னு ஜெயிச்சுக்கிட்டே, லீக் கப் செமில ஆர்சனலையும் தாண்டினாங்க.

அப்போ பாயின்ட் எங்கதான் போச்சு? முதல் 20 மேட்ச்ல 6 டிரா, 2 தோல்வி. அந்த 6 டிராவை ஒவ்வொண்ணா எடுத்துப் பாத்தீங்கன்னா வயிறு எரியும். ஆகஸ்ட்ல நம்ம மைதானம் ஆன்ஃபீல்டுல செல்சிகூட 1-1, ரீஸ் ஜேம்ஸுக்கு ரெட் கார்டு குடுத்து ரெண்டாவது பாதி முழுக்க அவங்க 10 பேரா நின்னாங்க, நம்மளால இன்னொரு கோல் போட முடியல. பிரென்ட்ஃபோர்டுல 2-1, அப்புறம் 3-2ன்னு ரெண்டு தடவை லீட்ல இருந்து கடைசில 3-3. ஆன்ஃபீல்டுல சிட்டியோட 2-2, சலா அத்தனை பேரையும் வெட்டிக்கிட்டுப் போய் அடிச்ச அந்த கோலுக்கு அஞ்சே நிமிஷத்துல டி ப்ரூய்ன சமன் பண்ணிட்டார். பிரைட்டன்கூட 2-0ல இருந்து 2-2. ஸ்பர்ஸ்ல 2-1ல இருந்து 2-2. செல்சி மைதானம் ஸ்டாம்ஃபோர்ட் பிரிட்ஜ்ல மறுபடியும் 2-0ல இருந்து 2-2. ஆறுல அஞ்சு மேட்ச்ல நாம முன்னாடி இருந்தோம் தம்பி! இதுல ஏதாவது ஒண்ணே ஒண்ணைக் கடைசிவரைக்கும் பிடிச்சு வச்சிருந்தாக்கூட கோப்பை நமக்குத்தான். வெஸ்ட் ஹாம்கிட்ட 3-2 தோத்ததும், லெஸ்டர்கிட்ட சலாவோட பெனால்டியை ஷ்மைக்கல் தடுத்து 1-0ன்னு தோத்ததும் தனி. அந்த சமயத்துல லீக் கப்ல ஆடினது மொத்தமே 3 மேட்ச், அதுலயும் பெரும்பாலும் பெஞ்ச்ல இருக்கிற ஆளுங்களும் அகாடமிப் பசங்களும்தான். எஃப்ஏ கப்போ இன்னும் ஆரம்பிக்கவே இல்ல. அப்போ கப்பு மேல பழி போடுறது எப்படி நியாயம்?

கடைசி நாள், மே 22, நீங்களும் பாத்திருப்பீங்க, நான் ரெண்டு ஸ்கிரீன்ல ரெண்டு மேட்சையும் ஓடவிட்டு எதைப் பாக்கிறதுன்னு தெரியாம உக்காந்திருந்தேன். சிட்டிகூட ஆடினது நம்ம பழைய கேப்டன் ஜெரார்ட் கோச்சா இருந்த ஆஸ்டன் வில்லா, அதுல நம்ம பழைய ஆள் குட்டினியோ 69ஆவது நிமிஷத்துல அடிச்சு சிட்டி 0-2. அந்த நேரத்துல நாம வுல்வ்ஸ்கூட 1-1. ஒரு கோல், ஒரே ஒரு கோல் அப்போ விழுந்திருந்தா டேபிள்ல மேல போயிருப்போம், ஆனா விழல, அதுக்குள்ள குண்டோவான், ரோட்ரி, மறுபடி குண்டோவான்னு அஞ்சு நிமிஷ சொச்சத்துல மூணு கோல், கதை முடிஞ்சுது. சலா அடிச்சப்போ நிமிஷம் 84, சிட்டி அதுக்கு முன்னாடியே 3-2ன்னு திருப்பிட்டாங்க. பலருக்கு ஞாபகம் இருக்கிறது என்னன்னா அன்னிக்கு நடுவுல கொஞ்ச நேரம் நாம முதலிடத்துல இருந்தோம்னு. இல்லப்பா, ஒரு நொடிகூட இல்ல. சிட்டி 0-2ல கிடந்தப்பக்கூட பாயின்ட் சமம், கோல் வித்தியாசத்துல அவங்கதான் மேல.

ஒரு விஷயத்துல மட்டும் உங்க பக்கம் உண்மை இருக்கு, அதை மறைக்க விரும்பல. மே 14 எஃப்ஏ கப் ஃபைனல்ல சலா 33ஆவது நிமிஷத்துலயே காயத்தோட வெளிய போனார், வான் டைக்கும் கூடுதல் நேரத்துக்கு வரல. ஃபபினியோ அதுக்கு நாலு நாள் முன்னாடி வில்லா மேட்ச்லயே தொடை பிடிச்சு வெளிய. தியாகோ வுல்வ்ஸ் மேட்ச்ல காயம். பாரிஸ்ல ரியல் மாட்ரிட்கூட நடந்த சாம்பியன்ஸ் லீக் ஃபைனல்ல இவங்க நாலு பேரும் ஆடினாங்க, ஆனா முழு உடம்போட ஆடினாங்கன்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். அடுத்த சீசன் 67 பாயின்ட்டோட அஞ்சாவது இடத்துக்கு இறங்கினதுக்கும் அந்த 63 மேட்சுக்கும் சம்பந்தம் இருக்குன்னுதான் நினைக்கிறேன். மானே பயர்னுக்குப் போனதும் ஒரு காரணம். ஆனா பாரிஸ்ல அவங்க கோல்கீப்பர் கோர்ட்வா 9 தடவை தடுத்தார், மானே அடிச்சது அவர் கைல பட்டுப் போஸ்ட்ல மோதுச்சு, வினிசியஸ் ஒரு தடவை ஆள் இல்லாத இடத்துக்கு வந்து தட்டினார். கால் சோர்ந்ததால தோத்த மேட்ச் மாதிரி அது எனக்குத் தெரியல.

பாரிஸ்னு வந்துட்டதால இதைச் சொல்லாம விட முடியல. அன்னிக்கு எனக்கு வலிச்சது ஸ்கோர் இல்ல. கைல டிக்கெட் வச்சுக்கிட்டு ஸ்டேடியம் வாசல்ல நெரிசல்ல நின்னவங்க மேல கண்ணீர்ப்புகை. மேட்ச் அரை மணி நேரத்துக்கு மேல தள்ளிப் போச்சு, ரசிகர்கள் லேட்டா வந்ததுதான் காரணம்னு ஸ்கிரீன்லயே போட்டாங்க. 1989ல ஹில்ஸ்பரோ ஸ்டேடிய நெரிசல்ல லிவர்பூல் ரசிகர்கள் 97 பேரைப் பறிகொடுத்து, அதுக்கும் ரசிகர்கள்தான் காரணம்னு பல வருஷம் பழி சுமந்த ஊர் அது. மறுபடியும் அதே பழி! 2023 பிப்ரவரில ஐரோப்பியக் கால்பந்து அமைப்பான யூஇஎஃப்ஏ நியமிச்ச சுயேச்சைக் குழுவே முதன்மைப் பொறுப்பு யூஇஎஃப்ஏவோடதுன்னு எழுதிக் குடுத்துச்சு. அந்த சீசனைப் பத்திப் பேசுறவங்க தோத்ததை மட்டும் சொல்லிட்டு இதை விட்டுட்டுப் போறது எனக்குப் பொறுக்கல.

பெனால்டில ஜெயிச்ச கப்புன்னு கொஞ்சம் குறைச்சு எழுதியிருக்கீங்க. செல்சிகூட ஆடின அந்த லீக் கப் ஃபைனல்ல முதல் 21 பெனால்டியும் கோல், தம்பி. கோல்கீப்பர் கெலஹர் நம்ம 11ஆவது ஆளா வந்து அடிச்சார், பதிலுக்கு செல்சி கோல்கீப்பர் கெப்பா பாருக்கு மேல அடிச்சார், 11-10. அலிசனை உக்கார வச்சு, அந்தக் கப்ல அதிகமா ஆடின பையனுக்கே ஃபைனலையும் குடுத்தார் க்ளாப். எஃப்ஏ கப்ல ஜெயிச்ச பெனால்டியை அடிச்சது சிமிகாஸ், எப்பவும் ராபர்ட்சனுக்குப் பின்னாடி நின்ன ஆள். இவங்களையெல்லாம் கழிச்சுட்டு அந்த சீசனை எப்படி எண்ணுவீங்க? இங்கிலாந்துல எந்த கிளப்பும் ஒரே வருஷத்துல நாலையும் எடுத்ததில்ல. இவங்க நாலு போட்டிலயும் ஆட வாய்ப்பிருந்த ஒவ்வொரு மேட்சையும் ஆடி முடிச்சாங்க, 63 மேட்ச்ல தோத்தது வெறும் 4. அதுல சாம்பியன்ஸ் லீக்ல இன்டர் மிலான்கிட்ட ஆன்ஃபீல்டுல தோத்ததுகூட அடுத்த சுத்துக்குப் போறதைத் தடுக்கல.

திரும்பப் பாக்கிற மேட்ச் கேட்டீங்க. சாம்பியன்ஸ் லீக் செமில வியாரியால்ல 0-2ல இருந்து 3-2 ஆக்கினதைத்தான் நான் சொல்வேன்னு எதிர்பாத்திருப்பீங்க, அந்த ரெண்டாவது பாதில லூயிஸ் டயாஸ் உள்ள வந்ததும் ஆட்டமே மாறினது கண்ணுலயே நிக்குது. ஆனா நான் எடுக்கிறது டிசம்பர் 22, ஆன்ஃபீல்டு, லெஸ்டர்கூட லீக் கப் காலிறுதி. அகாடமிப் பசங்க நிறைய பேர், இடைவேளைல 1-3. நீங்க விட்டுக் கொடுக்கச் சொல்ற மேட்ச் இதுதான், யாரும் எதுவும் கேட்டிருக்கவும் மாட்டாங்க. ஜோட்டா ஒண்ணு போட்டார், 95ஆவது நிமிஷத்துல மினமினோ 3-3 ஆக்கினார். பெனால்டில அதே மினமினோ பாருல அடிச்சுட்டார், உடனே கெலஹர் அடுத்ததைத் தடுத்துக் காப்பாத்தினார், ஜோட்டா முடிச்சார். மினமினோ அந்த சீசன்ல ரெண்டு உள்நாட்டுக் கப்லயும் சேத்து 7 கோல். ரெண்டு ஃபைனல்லயும் அவருக்கு ஒரு நிமிஷம்கூட கிடைக்கல. டைம் இருந்தா அந்த 95ஆவது நிமிஷத்தைப் போட்டுப் பாருங்க, அவர் அடிச்சதும் ஆன்ஃபீல்டு எழுப்பின சத்தத்தைக் கேளுங்க.

அன்புடன்,
அண்ணன்