தங்கையை வரதட்சணை கேட்டு பெங்களூரிலிருந்து துரத்திவிட்டார்கள். தருமபுரியில் புகார் கொடுக்க முடியுமா? வக்கீல் வைக்க வசதி இல்லை.

முடியும். வக்கீலுக்கும் காசு வேண்டாம்.

என் தங்கையையும் பெங்களூரில்தான் கொடுத்தோம். 18 பவுன், ஒரு பைக். ஒரு வருஷம் ஓடியது. அப்புறம் வீட்டு அட்வான்ஸுக்கு மூன்று லட்சம் வாங்கிக்கொண்டு வா என்று ஆரம்பித்து, ஒரு ராத்திரி சேலம் பஸ்ஸில் ஏற்றிவிட்டார்கள். விடிகாலையில் காரிமங்கலத்தில் இறங்கியவள் கையில் ஒரு கட்டைப்பை, அவ்வளவுதான்.

முதலில் போன ஸ்டேஷனில், "நடந்தது கர்நாடகாவில், அங்கே போய்க் கொடுங்க" என்று திருப்பி அனுப்பினார்கள். அது தப்பு. துரத்தப்பட்ட பெண் பிறந்த வீட்டில் அடைக்கலம் புகுந்திருந்தால் அந்த ஊரிலும் வழக்கு நடத்தலாம் என்று 2019-லேயே ரூபாலி தேவி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பட்ட கொடுமை அவளைப் பிறந்த வீட்டிலும் விடாமல் வாட்டுகிறது என்பதுதான் காரணம். உடன்பிறந்தவர் என்ற முறையில் நீங்களே கூடப் புகார் தரலாம்.

எங்களுக்கு வழி பிறந்தது மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில். 1987-ஆம் வருஷச் சட்டப்படி பெண் என்றாலே இலவச வக்கீல் உண்டு, வருமானச் சான்றெல்லாம் தேவையில்லை. நேரில் போக முடியாவிட்டால் 15100-க்குப் போன் செய்யுங்கள்.

அங்கே கிடைத்த வக்கீலம்மா நான் எழுதிக்கொண்டு போன மனுவை வாங்கிப் படித்தார். கோபத்தில் எட்டுப் பேர் பெயரைப் போட்டிருந்தேன், மைசூரில் இருக்கும் நாத்தனார் உட்பட. "இந்தப் பொண்ணு என்ன பண்ணுச்சு?" என்றார். பதில் இல்லை. பேனாவால் ஒரே கோடு. கடைசியில் மிஞ்சியது மூன்று பேர். அன்றைக்கு எனக்குக் கடுப்புதான். ஆனால் பொத்தாம்பொதுவாகச் சொந்தக்காரர்கள் எல்லோரையும் இழுத்துவிடும் புகார்களை உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் கடுமையாகவே கண்டித்தது.

தேதிதான் பெரிய பாடு. தங்கைக்கு எதுவும் நினைவில்லை. வக்கீலம்மா, "ஆடிப்பெருக்குக்கு வந்தப்ப கையில வளையல் இருந்துச்சா?" என்று கேட்டார். இல்லை, அதற்குள் அடகுக்குப் போயிருந்தது. தீபாவளி, பொங்கல், மாமியார் வீட்டுக் கிரகப்பிரவேசம் என்று ஒவ்வொன்றாகப் பிடித்து இரண்டு மணி நேரத்தில் எல்லாவற்றையும் வரிசைக்குக் கொண்டுவந்துவிட்டார்.

சட்டப் பிரிவைப் பொறுத்தவரை, 2024 ஜூலை 1-க்கு முன் நடந்தது என்றால் கணவன் வீட்டார் செய்யும் கொடுமைக்கான பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 498ஏ பிரிவு. அதற்குப் பின் என்றால் அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 85. மூன்று வருஷம் வரை சிறை. கூடவே வரதட்சணைத் தடுப்புச் சட்டமும் சேரும். "நாமும்தானே கொடுத்தோம், நம்மையும் பிடிப்பார்களோ" என்று எங்கள் அப்பா நடுங்கினார். பாதிக்கப்பட்டவர் தரும் வாக்குமூலத்தை வைத்து அவர் மேலேயே வழக்குப் போடக் கூடாது என்று அதே சட்டத்தின் 7-ஆவது பிரிவு சொல்கிறது.

மகளிர் காவல் நிலையத்தில் மனு கொடுத்தால் சி.எஸ்.ஆர். ரசீது, அதாவது மனு வாங்கிக்கொண்டதற்கான ரசீது, வாங்காமல் வராதீர்கள். மறுநாளே மாப்பிள்ளையைத் தூக்கிவிடுவார்கள் என்றும் நினைக்க வேண்டாம். இந்த மாதிரி வழக்கில் எடுத்த எடுப்பில் கைது செய்யக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2014-ல் சொன்ன தீர்ப்புக்குப் பிறகு பெரும்பாலும் நோட்டீஸ் கொடுத்துத்தான் விசாரிக்கிறார்கள்.

மாதச் செலவுக்கும் தங்கும் இடத்துக்கும் இந்த வழக்கு உதவாது. அதற்கு 2005-ஆம் வருஷத்துக் குடும்ப வன்முறைச் சட்டத்தில் தனி மனு போட வேண்டும். சமூக நல அலுவலகத்தில் இருக்கும் பாதுகாப்பு அலுவலரைப் பாருங்கள், அவரே எழுதி அனுப்புவார். அடி, மிரட்டல் என்று ஏதாவது இருந்தால் யோசிக்காமல் பெண்கள் உதவி எண் 181-க்குப் போன் செய்யுங்கள்.

நகை அவளுடையது, திருப்பிக் கேட்க உரிமை உண்டு. எங்களிடம் பாதி நகைக்கு ரசீது இல்லை. கல்யாண ஆல்பத்தில் அவள் கழுத்தில் கிடந்த ஆரத்தையும் நெக்லஸையும் காட்டித்தான் பட்டியல் போட்டோம். உங்கள் தங்கையின் ஆல்பம் யார் வீட்டில் இருக்கிறது என்று இன்றைக்கே பாருங்கள்.