ஆய்வுக்கூடக் கேள்வி பதில்: சுண்டெலி ஆஸ்டியோபான்டின்

கேள்வி: ரீகாம்பினன்ட் (மரபணுவைச் செலுத்தி வேறு செல்லில் தயாரித்த) சுண்டெலி ஆஸ்டியோபான்டின் (எலும்பில் உள்ள, செல்கள் ஒட்டிக்கொள்ளும் புரதம்) வாங்கினோம். அமினோ அமிலக் கணக்குப்படி சுமார் 32 கிலோடால்டன். ஜெல்லில் பட்டை 60-க்குப் பக்கத்தில் நிற்கிறது. குழாய் மாறிவிட்டதா?

பதில்: மாறவில்லை. ஆஸ்பார்ட்டிக், குளூட்டாமிக் அமிலங்கள் நிறைந்த புரதம் என்பதால் இதில் எஸ்.டி.எஸ். (ஜெல்லில் புரதத்தை ஓடவைக்கும் சோப்பு போன்ற பொருள்) சரியாகப் பிடிக்காது, ஓட்டம் தாமதமாகும். பாலூட்டிச் செல்லில் தயாரானது என்றால் பாஸ்பேட்டும் சர்க்கரையும் வேறு சேர்ந்திருக்கும். கூமாசி நீலச் சாயமும் இதில் மங்கலாகவே ஏறும். அளவைக் குறைத்துவிட்டார்கள் என்று விற்றவரிடம் சண்டைக்குப் போகுமுன் அமிலப் புரதங்களுக்கு ஏற்ற ‘ஸ்டெயின்ஸ்-ஆல்’ சாயம் போட்டுப் பாருங்கள்.

கேள்வி: தட்டில் பூசிச் செல் ஒட்டும் சோதனை செய்கிறோம். ஒருநாள், செல்கள் ஒட்டக்கூடாத வெறும் பி.எஸ்.ஏ. (மாட்டு இரத்தப் புரதம்) குழியிலும் செல்கள் ஒட்டுகின்றன. மறுநாள் எதிலுமே ஒட்டவில்லை. ஏன்?

பதில்: இரண்டும் வெவ்வேறு கோளாறு. எல்லாக் குழியிலும் ஒட்டினால் முதல் சந்தேகம் சீரம் (ஊடகத்தில் சேர்க்கும் இரத்த நீர்). அதிலுள்ள ஃபைப்ரோநெக்டினும் விட்ரோநெக்டினும் பிளாஸ்டிக்கில் படிந்து செல்களைப் பிடித்துக்கொள்ளும். சீரம் இல்லாத ஊடகத்தில் செல்களை இருமுறை கழுவுங்கள்.

எதிலுமே ஒட்டாவிட்டால் லேபிளைப் பாருங்கள். ‘கேரியர்’ (பாதுகாப்புக்காகக் கலக்கும் துணைப் புரதம்) உள்ள சரக்கில் 1 மைக்ரோகிராம் புரதத்துக்கு 50 மைக்ரோகிராம் பி.எஸ்.ஏ. வரை இருக்கும், குழியின் இடத்தை அதுவே அடைத்துவிடும். பூச்சுக்குக் கேரியர் இல்லாததுதான் வேண்டும். அடுத்தது ஈ.டி.டி.ஏ., உலோக அயனிகளைப் பிடிக்கும் வேதிப்பொருள். செல்லைப் பெயர்க்க அது நல்லதுதான், ஆனால் மிச்சம் தங்கினால் இன்டெக்ரினுக்கு (செல்லை ஒட்டவைக்கும் செல்பரப்புப் புரதம்) தேவையான மெக்னீசியத்தைப் பிடுங்கிக்கொள்ளும்.

50 மைக்ரோகிராம் குழாய் என்றால், முதலில் சில நொடி சென்ட்ரிஃபியூஜில் சுழற்றுங்கள். பொடி மூடியில் ஒட்டியிருக்கும், பலர் அதோடு எறிந்துவிடுகிறார்கள். 500 மைக்ரோலிட்டர் கிருமி நீக்கிய பி.பி.எஸ். (பாஸ்பேட் உப்புக் கரைசல்) விட்டு, வோர்டெக்ஸ் கருவியில் குலுக்காமல் மெல்ல உருட்டிக் கரையுங்கள். 50 மைக்ரோலிட்டராகப் பத்துக் குழாய்களில் பிரித்து உறைய வைத்துவிட்டால், திரும்பத் திரும்ப உருக்கும் வேலை இல்லை. ஒரு குழாயோடு 950 மைக்ரோலிட்டர் பி.பி.எஸ். சேர்த்தால் மில்லிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம். குழிக்கு 100 மைக்ரோலிட்டர் விட்டு இரவு முழுக்க 4 டிகிரியில் வையுங்கள். பிறகு, சூடாக்கி ஆறவைத்த 1 சதவீத பி.எஸ்.ஏ. ஒரு மணி நேரம், மிச்ச இடத்தை அடைக்க. குழிக்கு 50,000 செல்கள், 37 டிகிரியில் ஒரு மணி நேரம் போதும். சில குழிகளில் ஆர்.ஜி.டி. பெப்டைடு (இன்டெக்ரின் பிடிக்கும் இடத்தை அடைக்கும் சிறு புரதத் துண்டு) சேருங்கள், அங்கே ஒட்டுதல் குறைந்தால்தான் இன்டெக்ரின் வழி என்று சொல்ல முடியும்.

கேள்வி: ஈ.கோலை பாக்டீரியாவில் தயாரித்த ஆஸ்டியோபான்டின் கொடுத்ததும் மேக்ரோஃபேஜ்கள் (நோயெதிர்ப்புச் செல்கள்) டி.என்.எஃப். (அழற்சியைத் தூண்டும் புரதம்) ஏராளமாகச் சுரக்கின்றன. கொதிக்க வைத்த பிறகும் அதே பலன். அப்படியென்றால் கலந்திருக்கும் எண்டோடாக்சின் (பாக்டீரியா நச்சு) வேலைதானே?

பதில்: சந்தேகம் நியாயம், சோதனைதான் தவறு. கொதிக்க வைத்தால் புரதம் செத்துவிடும், எண்டோடாக்சின் தாங்கும் என்பது பொதுக் கணக்கு. ஆஸ்டியோபான்டினுக்கு நிலையான மடிப்பே கிடையாது. குலைவதற்கு ஒன்றும் இல்லாததால் அதுவும் சூட்டைத் தாங்கும். புரோட்டினேஸ் கே-யால் புரதத்தைச் செரித்து, பின் அந்த நொதியைச் சூட்டில் முடக்கிவிட்டுச் சோதியுங்கள். பலன் அப்படியே இருந்தால் எண்டோடாக்சின் பக்கம்தான் கை நீள்கிறது. எண்டோடாக்சினை முடக்கும் பாலிமிக்சின் பி சேர்த்தும் ஒருமுறை பாருங்கள். எண்டோடாக்சினை உணரும் டி.எல்.ஆர்.4 ஏற்பி பழுதான சி3எச்/ஹெச்இஜே சுண்டெலியின் மேக்ரோஃபேஜ் கிடைத்தால் இன்னும் நல்லது. எண்டோடாக்சினுக்கு அது அசையாது.