வேகாத பயறுக்குப் புதுக் குக்கரா?

கேள்வி: அமெரிக்காவில் மகள் வீட்டில் இருந்தபோது பின்டோ பீன்ஸை (ராஜ்மா இனத்துப் புள்ளிப் பயறு) காரசாரமாக, மணிக்கணக்கில் வேகவைத்துத் தருவாள். ஊர் திரும்பியதும் இணையக் கடையில் ஒரு கிலோ வரவழைத்தேன். இரவெல்லாம் ஊறவைத்து, சின்ன வெங்காயம், பூண்டு, வரமிளகாய், தக்காளி, புளி எல்லாம் சேர்த்து மண்சட்டியில் சிறுதீயில் 5 மணி நேரம் வைத்தேன். பயறு நறுக் நறுக்கென்று கடிபடுகிறது. மகளிடம் இருப்பது போல மின்சார ஸ்லோ குக்கர் வாங்கினால் சரியாகுமா?
– வாசகி, திருநகர், மதுரை

பதில்: இப்போதைக்கு வாங்காதீர்கள். சட்டி ஒரு தப்பும் செய்யவில்லை.

மொச்சைக் குழம்பு வைக்கும்போது புளியை எப்போது கரைத்து ஊற்றுவீர்கள்? மொச்சை வெந்த பிறகுதானே. இதற்கும் அதே கணக்குத்தான். புளிப்பு பட்டால் பயறு இளகாது. வெங்காயம், பூண்டு, மிளகாய் முதலிலேயே போகலாம். தக்காளியும் புளியும் பயறு விரலில் மசிந்த பிறகு போகட்டும்.

அடுத்து தண்ணீர். வெந்நீர் வைக்கும் பாத்திரத்தில் வெள்ளையாகப் படிகிறதா? அப்படியானால் உங்கள் போர் தண்ணீரில் இருக்கும் கால்சியமும் மக்னீசியமும் பயறை இறுக்கிவிடும். மிச்சமுள்ள பயறில் இரண்டு கைப்பிடி எடுத்து, ஒன்றைப் போர் தண்ணீரிலும் மற்றதைக் கேன் தண்ணீரிலும் ஊறவைத்து, புளிப்பே சேர்க்காமல் தனித்தனியாக வேகவையுங்கள். கேன் தண்ணீரில் மட்டும் வெந்தால் குற்றவாளி தண்ணீர். இரண்டிலும் வேகவில்லை என்றால் பயறு பழசு. வெக்கையிலும் ஈரத்திலும் மாதக்கணக்கில் கிடந்த சரக்கு எளிதில் இளகாது. அதற்குச் சிட்டிகை ஆப்பசோடா உதவும், அதிகமானால் ருசி கெடும்.

ஸ்லோ குக்கருக்கு வருவோம். 200 வாட் குக்கர் 8 மணி நேரம் ஓடினால் 1.6 யூனிட்தான், கரண்ட் பில் பயமில்லை. பயம் வேறு இடத்தில். ராஜ்மா இனத்தில் லெக்டின் என்ற நச்சுப் புரதம் உண்டு. சிவப்பு ராஜ்மாவில் அதிகம், பின்டோவில் குறைவு. தளதளவென்று 10 நிமிடம் கொதித்தால் அது செயலிழந்துவிடும். ஸ்லோ குக்கரின் குறைந்த சூட்டில், 80 டிகிரிக்குக் கீழே வெதுவெதுப்பில் கிடந்தால், பச்சையாக இருப்பதைவிடக் கூடுதலாகவே வேலை காட்டலாம்: சில மணி நேரத்தில் வாந்தி, வயிற்றுப்போக்கு. ஆகவே எந்தப் பாத்திரமானாலும் ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் முதல் 10 நிமிடம் பெருந்தீ, அப்புறம் சிறுதீ. இப்போது சட்டியில் இருக்கும் அரைவேக்காட்டை அப்படியே சாப்பிட வேண்டாம். பிரஷர் குக்கருக்கு மாற்றி, மசியும்வரை விசில் விடுங்கள்.

வெந்ததும் பயறின் புள்ளிகள் மறைந்து ஒரே பழுப்பாகிவிடும். வேறு சரக்கை அனுப்பிவிட்டார்கள் என்று நினைத்துவிடாதீர்கள்!

கேள்வி: நானும் இப்படி வேகாத பயறில் மாட்டிக்கொண்டேன். பாக்கெட்டில் போன மாதத் தேதிதான் இருக்கிறது. உணவுப் பொருளைத் திரும்பப் பெற மாட்டோம் என்கிறார் இணையத்தில் விற்றவர்.
– வாசகர், ஒத்தக்கடை

பதில்: அது மூட்டையிலிருந்து பாக்கெட்டுக்கு மாறிய தேதியாக இருக்கலாம். அறுவடை எப்போது என்று அது சொல்லாது. நிறத்தைப் பாருங்கள்: புதுப் பின்டோ வெளிறிய மண்நிறத்தில் இருக்கும், நாள்பட நாள்பட பழுப்பேறும். வெளிநாட்டுச் சரக்கு என்றால் எந்த நாட்டிலிருந்து வந்தது, இறக்குமதி செய்தவர் யார், முகவரி என்ன என்பதெல்லாம் பாக்கெட்டில் இருந்தாக வேண்டும். இல்லையென்றால் அதுவே ஒரு புகார்.

பொருள் குறையுள்ளது என்றால் திரும்பப் பெற மறுக்கக் கூடாது என்கின்றன 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள். ஆனால் ‘வேகவில்லை’ என்பதை நிரூபிப்பது உங்கள் பாடு. பாக்கெட், பில், வேகாத ஒரு கைப்பிடி பயறு, கேன் தண்ணீரில் வேகவைத்துப் பார்த்த படம் எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு முதலில் விற்றவருக்கு எழுதுங்கள். பதில் இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். மதுரையிலேயே மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடவும் வழியுண்டு. ஒரு கிலோ பயறுக்கு அவ்வளவு தூரம் அலைய நான் சொல்ல மாட்டேன்.

கேள்வி: பின்டோவுக்கு இங்கே மாற்று என்ன?
– வாசகி, திருமங்கலம்

பதில்: சித்ரா ராஜ்மா. பின்டோவேதான் என்று சொல்ல முடியாது, ஒரே இனத்துப் பங்காளி. ஸ்பானிய மொழியில் ‘பின்டோ’ என்றாலும் வண்ணம் தீட்டியது என்றுதான் பொருள். கீழமாசி வீதிப் பலசரக்குக் கடைகளில் விசாரியுங்கள். முதலில் 100 கிராம் வாங்கி வேகவைத்துப் பார்த்துவிட்டு, அடுத்த நாள் கிலோவுக்குப் போங்கள்.