கேள்வி-பதில்: வெள்ளை மை விடுபட்ட கார்டு

கேள்வி: என் மகன் போக்கிமான் கார்டுகள் சேர்க்கிறான். அண்மையில் கிடைத்த ஒரு கார்டில், பின்னணியில் மட்டும் தெரிய வேண்டிய வானவில் மினுமினுப்பு உருவத்தின் முகத்திலும் கைகளிலும்கூடத் தெரிகிறது. இன்னொன்றில் ஒரு பக்க ஓரம் அகலமாகவும் எதிர்ப்பக்க ஓரம் நூல் அளவாகவும் உள்ளது. இவை போலியா, அச்சுப் பிழையா? மினுமினுப்பை எப்படித்தான் அச்சிடுகிறார்கள்?
- வாசகி ஒருவர், திருநகர், மதுரை

பதில்: மினுமினுப்பு அச்சாவதில்லை, முன்பே தயாரான மினுமினுப்புப் படலத்தின்மேல்தான் படம் அச்சாகிறது. இந்த வரிசையை மனத்தில் வாங்கிக்கொண்டால் இரண்டு கார்டுகளின் கதையும் விளங்கிவிடும்.

ஒளி பட்டால் மாறும் பூச்சு தடவிய கண்ணாடித் தகட்டில், லேசர் கதிர்களைக் கொண்டு, ஒரு மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 1000 என்ற நெருக்கத்தில் நுண்ணிய வரிப்பள்ளங்களை உண்டாக்குகிறார்கள். அதன்மேல் மின்முலாம் முறையில் நிக்கலைப் படியவைத்து உரித்தெடுத்தால், வரிகள் அனைத்தும் நிக்கல் தகட்டுக்கு வந்துவிடும். அந்தத் தகட்டை உருளையில் சுற்றி, சூடும் அழுத்தமும் கொடுத்துப் பிளாஸ்டிக் படலத்தில் பதித்து, வெற்றிடத்தில் ஆவியாக்கிய அலுமினியத்தை அதன்மேல் மெல்லிய பூச்சாக ஏற்றுகிறார்கள். வரிகளில் படும் ஒளியின் ஒவ்வொரு நிறமும் வெவ்வேறு கோணத்தில் பிரிந்து போவதால்தான் கார்டைச் சாய்க்கும்போது நிறங்கள் ஓடுகின்றன. முப்பரிமாணப் பிம்பங்களைப் பதியும் ஹோலோகிராபி முறையைக் கண்டறிந்ததற்காக டென்னிஸ் காபோர் 1971-ல் நோபல் பரிசு பெற்றார். ஆயினும் பெரும்பாலான கார்டுகளில் இருப்பவை அவர் காட்டிய முப்பரிமாணப் பிம்பங்கள் அல்ல, ஒளியைப் பிரிக்கும் வரிக்கோலங்களே.

இந்தப் படலத்தை அட்டையில் ஒட்டிய பிறகு ஆஃப்செட் அச்சு தொடங்குகிறது. உலோகப் பரப்பின்மேல் நேரடியாக மஞ்சளோ சிவப்போ அடித்தால் அடியிலுள்ள பளபளப்பு ஊடுருவித் தெரியும். ஆகவே, மினுங்கக் கூடாத இடங்களில் மட்டும் முதலில் வெள்ளை மையை அடித்து மறைக்கிறார்கள். அதன் பிறகே மற்ற நான்கு நிறங்கள். நல்ல லென்ஸ் ஒன்றை வைத்து உருவத்தின் விளிம்பைப் பாருங்கள்: மினுங்கும் பின்னணியில் நிறப் புள்ளிகள் உலோகத்தின்மேல் நேரடியாக உட்கார்ந்திருக்கும், உருவத்துக்குள் அதே புள்ளிகளின் அடியில் பால் போன்ற ஒரு படிவு இருக்கும். சில கார்டுகளில் வெள்ளை சற்றே நகர்ந்து, உருவத்தைச் சுற்றி முடியளவு வெண்கோடாகவும் தெரியும்.

உங்கள் மகனின் முதல் கார்டில் எழுத்துகள் கூர்மையாக இருந்து, மினுமினுப்பு நிறங்களுக்கு அடியிலிருந்து வருமானால், வெள்ளை மை விடுபட்ட அச்சுப் பிழையாக அது இருக்கலாம். எழுத்துகளின்மேலும் ஓரங்களின்மேலும் ஒரே படலமாக மினுமினுப்பு போர்த்தியிருந்தால் பெரும்பாலும் போலிதான். அச்சிட்ட தாளின்மேல் மினுங்கும் படலத்தை ஒட்டிவிடுவது போலி செய்பவர்களுக்கு எளிய வழி. படத்துக்கு வெளியே மினுங்கும்படி வேண்டுமென்றே வெளியிடப்படும் வகைகளும் உண்டு என்பதால், அதே வரிசைக் கார்டு இன்னொன்றை அருகில் வைத்து ஒப்பிட்ட பிறகே முடிவுக்கு வாருங்கள்.

இரண்டாவது கார்டின் குறை வெட்டில் நேர்ந்தது. 63-க்கு 88 மில்லிமீட்டர் அளவுள்ள கார்டுகள் பல சேர்ந்து ஒரே பெரிய ஷீட்டாக அச்சாகிக் கடைசியில் வெட்டப்படுகின்றன. ஷீட் இம்மியளவு விலகி நின்றாலும் அந்த வரிசை முழுவதன் ஓரங்களும் கோணிவிடும். சிறிய விலகல் மிகச் சாதாரணம். பக்கத்துக் கார்டின் ஒரு கீற்று உள்ளே தெரிந்தால்தான் சேகரிப்பாளர்கள் அதைத் தனியே மதிப்பார்கள்.

கேள்வி: காலண்டர் அச்சில் ரிஜிஸ்டர் அவுட் ஆன, அதாவது நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்று சரியாகப் பொருந்தாத ஷீட்டை நாங்கள் வேஸ்ட் என்று எடைக்குப் போடுகிறோம். கார்டுகளில் மட்டும் பிழைக்கு ஏன் மதிப்பு?
- அச்சக ஊழியர் ஒருவர், சிவகாசி

பதில்: எல்லாப் பிழைக்கும் மதிப்பில்லை. பிளேட்டிலேயே (அச்சுத் தகட்டிலேயே) இருக்கும் பிழை, அந்த பிளேட்டில் ஓடிய எல்லாப் பிரதிகளிலும் வரும். 1999-ல் வெளிவந்த ஜங்கிள் என்ற ஆங்கிலப் போக்கிமான் தொகுப்பின் ஹோலோ (மினுங்கும்) கார்டுகள் சிலவற்றில், படத்தின் வலது கீழ்மூலைக்கு அருகே வர வேண்டிய தொகுப்புச் சின்னம் விடுபட்டது இத்தகையது. ஓட்டத்தின் நடுவே நேர்வது வேறு வகை: ஒரு நிறம் விலகுவது, மையைத் தாளுக்கு மாற்றும் ரப்பர் விரிப்பான பிளாங்கெட்டில் தூசி ஒட்டி வட்டப் புள்ளி விழுவது, துண்டுக் காகிதம் புகுந்து ஓரிடம் வெறுமையாவது. இவை ஒரு ஷீட்டோடோ சில ஷீட்டுகளோடோ நின்றுபோவதால் அரிதாகின்றன. நம் நாட்டின் 1854-ஆம் ஆண்டு நாலணா அஞ்சல்தலையில், சிவப்புச் சட்டமும் நீலத் தலையும் தனித்தனி ஓட்டங்களில் அச்சானபோது சட்டத்துக்குத் தலை தலைகீழாக விழுந்த சில பிரதிகள், உலகெங்கும் தேடப்படுவதற்கும் இப்படி அரிதாக இருப்பதுதான் காரணம்.

தொடக்கத்தில் நிறம் கூட்டிப் பார்க்க ஓட்டும் வேஸ்ட் ஷீட்டுகளைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அழிக்கப்பட வேண்டிய அத்தகைய தாள்கள் வெளியேறி, வெட்டப்பட்டு, பிழைக் கார்டுகளாக விற்பனைக்கு வந்ததும் உண்டு. என்னை வருத்துவது, நல்ல கார்டில் அசிட்டோன் தடவி ஒரு நிறத்தை அழித்து, அச்சுப் பிழை என்று சிறுவர்களிடம் விற்பதுதான். உண்மையான பிழையில், மை விடுபட்ட இடத்தின்மேலும் வார்னிஷ் சீராக ஓடியிருக்கும். அழித்ததில் அந்தப் பளபளப்பு மங்கி, விளிம்பில் மைத் துகள்கள் ஒட்டியிருக்கும். விளக்கொளியில் சாய்த்துப் பார்த்தாலே பெரும்பாலும் தெரிந்துவிடும்.

கேள்வி: ஐப்பசி மழையில் என் ஹோலோ கார்டுகள் மட்டும் வளைகின்றன. இதுவும் அச்சுப் பிழையா?
- மாணவர் ஒருவர், திருமங்கலம்

பதில்: இல்லை. அட்டை ஈரத்தை உறிஞ்சி விரிகிறது; முன்புறப் படலம் விரிவதில்லை. அதனால் ஓரங்கள் படத்தின் பக்கமாக எழும்புகின்றன. சித்திரை வெயிலில் அட்டை சுருங்கும்போது எதிர்த்திசையில் வளையும். கார்டுகளை உறைகளில் இட்டு, சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றுடன் காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். நிமிர்த்துவதற்காக இஸ்திரிப் பெட்டியைத் தொடவே தொடாதீர்கள். சூட்டில் பதிந்த வரிகள் சூட்டிலேயே அழிந்துபோகும்.