மலையகத்திலிருந்து ஒருவர் பல்கலைக்கழகத்தில் மரபுரிமைப் பாதுகாப்பும் கலைப்பொருள் பேணலும் படிப்பதில் பயனுண்டா?

கேள்வி கேட்டவர் உயர்தரத்தில் கலைப் பிரிவில் தேறியிருப்பதாகவும், வீட்டார் ஆசிரியத் தொழிலுக்கு வழிவிடும் பாடமொன்றை எடுக்கச் சொல்வதாகவும் எழுதியிருக்கிறார். அவர் நுவரெலியா மாவட்டத்துத் தோட்டமொன்றிலிருந்து எழுதுகிறார் என்று வைத்துக்கொண்டே பதில் சொல்கிறேன். கண்டி நகரத்தவராயின் சில வரிகள் பொருந்தாமற் போகலாம்.

பயனுண்டு. ஆனால் வேலையைப் பற்றி உங்கள் வீட்டார் கவலைப்படுவதில் நியாயமும் உண்டு. தொல்பொருளியல் திணைக்களத்திலும் மத்திய கலாசார நிதியத்திலும் பேணுநருக்கான இடங்கள் குறைவு. வெற்றிடம் அறிவிக்கப்படும்வரை பொறுத்திருக்க வேண்டும். களத்தில் சிங்களம் இல்லாமல் ஒரு நாளும் நகராது. இவற்றை மறைத்து உங்களுக்கு உற்சாகமூட்ட நான் விரும்பவில்லை.

அடுத்து, இது பழம்பெருமை பேசும் படிப்பு என்று நினைத்துக்கொண்டு வராதீர்கள். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் தொல்லியல் துறை இருக்கிறது. களனிப் பல்கலைக்கழகத்தின் தொல்லியல் பட்டப்பின் படிப்பு நிறுவகம் கொழும்பில் இருக்கிறது. கட்டடங்களில் நாட்டமிருந்தால் பிறகு மொரட்டுவைப் பல்கலைக்கழகப் பக்கம் போகலாம். எங்கே போனாலும் ஒரு கட்டத்தில் இரசாயனவியல் வந்து வாசலை மறிக்கும். சுண்ணாம்புச் சாந்து பூசிய பழைய சுவருக்குச் சீமெந்து பூசினால் ஈரம் வெளியேற வழியின்றி உள்ளே தங்கி, உப்புப் பூத்து, சுவரையே உதிர்த்துவிடும் என்பதும், கண்டிக் காலத்து விகாரை ஓவியங்கள் காய்ந்த சாந்தின் மேல் பிசின் கலந்த வண்ணத்தால் தீட்டப்பட்டவையாதலால் ஈரத்துணி பட்டாலே வண்ணம் கையோடு வந்துவிடும் என்பதும் அங்கேதான் விளங்கும். 1967இல் சிகிரியா ஓவியங்கள்மீது விஷமிகள் பச்சை வண்ணத்தைப் பூசியபோது, லூச்சியானோ மரன்சி என்ற இத்தாலிய நிபுணரை வரவழைத்தே அவற்றை மீட்டார்கள். மேலே பூசியதைக் கரைக்கும் திரவம் கீழே இருக்கும் மூல வண்ணத்தைக் கரைக்கக் கூடாது. அந்த வேலையின் சிக்கல் முழுவதும் இதற்குள் அடங்கும். கலைப் பிரிவில் படித்தவருக்கு இது எட்டாத விடயமன்று. நானும் கலைப் பிரிவுதான். சாதாரண தரத்து விஞ்ஞானப் புத்தகத்தை மீண்டும் கையிலெடுத்துத்தான் பிடித்தேன்.

இந்தக் கேள்வி என்னைத் தொட்டதற்குக் காரணம் வேறு. பட்டம் பெற்றபின் நான் தோற்றிய ஒரு நேர்முகத் தேர்வில், குழுவிலிருந்த ஒருவர், “தோட்டத்துப் பகுதியில் பாதுகாப்பதற்கு என்ன இருக்கிறது?” என்று கேட்டார். ஏளனமாகக் கேட்கவில்லை, உண்மையிலேயே அறிய விரும்பிக் கேட்டார். அதுதான் அதிகமாகச் சுட்டது. ஆனால் அவர் நினைப்புக்குச் சட்டத்திலேயே ஓர் ஆதாரம் இருக்கிறது. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டம், புராதன நினைவுச்சின்னம் எது என்பதற்கு 1815 மார்ச் 2 என்ற நாளை எல்லையாக வைக்கிறது. கண்டி இராச்சியத்தை ஆங்கிலேயர் கைக்கு மாற்றிய கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தான நாள் அது. எங்கள் முன்னோர் கோப்பித் தோட்டங்களுக்கென்று இந்த மலைகளில் ஏறத் தொடங்கியதே 1820களில்தான். ஆகவே லயன் எனும் தொழிலாளர் வரிசை வீடுகள், கோயில், காலையில் வேலை பிரிக்கக் கூடும் பெரட்டுக்களம், தேயிலைத் தொழிற்சாலை என எங்களுடையவை யாவும் அந்த எல்லைக்கு இப்பால் நிற்கின்றன. நூறாண்டு கடந்த நினைவுச்சின்னத்தை அமைச்சர் வர்த்தமானியில் அறிவித்துப் பாதுகாக்கலாமே என்று சட்டம் அறிந்தவர்கள் திருத்துவார்கள். அந்த ஏற்பாடு இருப்பது எனக்கும் தெரியும். கடதாசிகளுக்கு வேறு சட்டம் உண்டென்பதும் தெரியும். ஆனால் புராதனச் சின்னத்துக்குத் தானாகக் கிடைக்கும் பாதுகாப்பை, எங்களுடையதற்கு ஒருவர் கேட்டுப் பெறவேண்டியிருக்கிறது. கேட்பவர் அதன் வயதையும் கட்டுமானத்தையும் பழுதையும் முறைப்படி எழுதிக் காட்டத் தெரிந்தவராகவும் இருக்கவேண்டும்.

மாணவனாக இருந்த காலத்தில் டிக்கோயாப் பக்கத்து அக்கா ஒருவர் தம் தகப்பனாருடைய பிரஜாவுரிமைச் சான்றிதழை என்னிடம் கொடுத்தார். நாடற்றிருந்த மலையகத்தவரை இலங்கையும் இந்தியாவும் பங்கிட்டு ஏற்க உடன்பட்ட, 1964ஆம் ஆண்டின் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் கிடைத்த கடதாசி. மடிப்புகளில் பிளந்து, செலோடேப் ஒட்டி, அந்தப் பசை மஞ்சளாகிக் கடதாசிக்குள் ஊறியிருந்தது. லெமினேட் செய்ய ஹற்றனுக்குக் கொண்டுபோகவிருந்தவரை நான்தான் தடுத்தேன். சூட்டில் உருகி ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிறகு கடதாசிக்குச் சேதமில்லாமல் உரிப்பது ஏறக்குறைய முடியாத காரியம். விரிவுரையாளரின் மேற்பார்வையில் ஆய்வுகூடத்தில் வேலை நடந்தது. முதலில் நுண்ணிய தூரிகையால் முத்திரையின் ஓரத்தில் துளி நீர் வைத்து ஒற்றுத்தாளால் ஒற்றிப் பார்த்தோம்; ஊதா மை உடனே கசிந்தது. எனவே நீரில் அலசும் பேச்சுக்கே இடமில்லை. மெல்லிய சூடு காட்டி டேப்பை நீக்கி, எஞ்சிய பசையைக் கரைப்பானால் சிறிது சிறிதாக எடுத்து, பிளவுகளை மெல்லிய, நீண்ட நாருள்ள ஜப்பானியத் தாளாலும் கெட்டியாகக் காய்ச்சிய கோதுமை மாப்பசையாலும் இணைத்தோம். அந்தப் பசையைத் தேவைப்படும் நாளில் ஈரம் காட்டி எடுத்துவிடலாம். பிறகு இரு பக்கம் திறந்த பொலியெஸ்டர் உறையில் வைத்தோம். (இதைப் படித்துவிட்டு யாரும் வீட்டில் முயல வேண்டாம்.)

திருப்பிக் கொடுத்தபோது அவர் கேட்டது ஒன்றே ஒன்று: “தம்பி, இதக் காட்டுனா கந்தோருல ஒத்துக்குவாங்களா?” எனக்கு அது வரலாற்று ஆவணம். அவருக்கோ இன்னும் நடப்பிலிருக்கும் கடதாசி. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்ட சமூகத்தில் அப்படித்தான் இருக்கும். அழிந்த எழுத்தைத் தொட்டு நிரப்பக் கூடாது, ஓரத்தை வெட்டி நேராக்கக் கூடாது என்று பாடத்தில் படித்த விதிகளின் கனம் அன்றுதான் எனக்குப் புரிந்தது. அவற்றில் எதை மீறியிருந்தாலும் அந்தச் சான்றிதழ் போலியென்று சந்தேகிக்கப்பட்டிருக்கும்.

ஓர் ஆதங்கத்தையும் சொல்லிவிடுகிறேன். நானறிந்த தோட்டமொன்றில் நிருவாகம் மாறியபோது தொழிலாளரின் அன்றாட வேலையைப் பதியும் பழைய செக்ரோல் புத்தகங்களைப் பழைய கடதாசி வாங்குபவருக்கு நிறுத்து விற்றார்கள். யாருக்கு எந்த நாளில் எந்த மலையில் பெயர் விழுந்தது, அதாவது வேலைநாள் கணக்கானது, என்ற பதிவு அத்தோடு போயிற்று. தோட்டத்துரைகளைப் பற்றிய பதிவுகள் எங்கும் நிறைய இருக்கின்றன என்று நான் சொன்னால் வன்மம் என்பார்கள். சொல்லாமலும் இருக்க முடியவில்லை. இதற்கு மாறான முயற்சியொன்றைப் பார்க்க விரும்பினால், கம்பளைக்கு அப்பால் பழைய பீகொக் தோட்டத்தில் லயன் அறைகளிலேயே அமைத்திருக்கும் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகத்துக்கு ஒருமுறை போய் வாருங்கள். பேராதனைக்கு அருகேயுள்ள கடலாதெனிய விகாரையையும் பாருங்கள். 1344இல் எழுந்த அந்தக் கற்கோயிலின் தலைமைச் சிற்பி கணேஸ்வராசாரி என்ற தென்னிந்தியர். மலைநாட்டில் தென்னிந்தியக் கைவேலை கோப்பியோடு வந்ததென்று எண்ணுபவர்களுக்கு அந்தத் தூண்களைக் காட்டலாம்.

விண்ணப்பிக்கும் முன் ஒன்றை மட்டும் விசாரியுங்கள்: அந்தத் துறையில் மாணவர் தம் கையால் ஆய்வுகூட மேசையில் வேலை செய்யும் நேரம் எவ்வளவு? விரிவுரை மட்டுமே என்று பதில் வந்தால், விடுமுறையில் பயிற்சிக்கு அனுப்புவார்களா என்றும் கேளுங்கள். அதற்கும் இல்லையென்றால் வேறு பல்கலைக்கழகத்தைப் பாருங்கள்.