இசை கேள்வி – பதில்: டியோடாட்டோவின் ச – ப – ச

கேள்வி: ‘2001: எ ஸ்பேஸ் ஒடிஸி’ படத்தின் தொடக்க இசையை ஜாஸ் ஆக்கிய பிரேசில்காரர் யார்?
– வாசகர், குரோம்பேட்டை

பதில்: யூமிர் டியோடாட்டோ. ரியோ டி ஜெனிரோவில் பிறந்தவர். 12 வயதில் அக்கார்டியனைக் கையில் எடுத்தார். இசைக்கோர்ப்பைத் தானே கற்றுக்கொண்டார். படத்தில் ஒலிப்பது ரிச்சர்ட் ஸ்ட்ராஸ் 1896-இல் எழுதியது. அதை 1972 செப்டம்பரில், 9 நிமிட ஃபங்க் வாசிப்பாக ‘பிரெலூட்’ ஆல்பத்துக்குப் பதிவு செய்தார். 1973-இல் அமெரிக்காவின் பில்போர்டு பாடல் பட்டியலில் இரண்டாம் இடம். மறு ஆண்டு கிராமி விருது.

கேள்வி: எங்கள் மெல்லிசைக் குழுவில் கீபோர்டு, பேஸ், கிட்டார், டிரம்ஸ், தபேலா, ஒரே ஒரு டிரம்பெட். இதை வாசித்தால் சப்பென்று இருக்கிறது. ஏன்?
– வாசகர், பெரம்பூர்

பதில்: எடுத்த எடுப்பிலேயே மெட்டைக் கொட்டிவிடுகிறீர்கள் என்று தோன்றுகிறது. டியோடாட்டோ அவசரப்படுவதே இல்லை. தாளமும் எலெக்ட்ரிக் பியானோவும் ஊறிய பிறகுதான் மெட்டு வரும். டிரம்ஸ், தபேலா மட்டும் 8 பார் (தாளச் சுற்று). பேஸ் சேர்ந்து இன்னொரு 8. கீபோர்டு சேர்ந்து மேலும் 8. அதன் பிறகு டிரம்பெட் ச – ப – மேல் ச வாசிக்கட்டும்.

உயிர் இருப்பது அடுத்து வரும் கார்டில் (சேர்ந்தொலிக்கும் ஸ்வரங்களில்). ஸ்ட்ராஸின் மூலத்தில் முதல் முறை அந்தர காந்தாரம் (பெரிய க) சட்டென்று சாதாரண காந்தாரமாக (சிறிய க) இறங்கும், மேஜர் மைனர் ஆகும். இரண்டாம் முறை நேர்மாறாக ஏறும். டிரம்பெட் மேல் ச-வைப் பிடித்தபடி நிற்க, காந்தாரத்தைக் கீபோர்டு பார்த்துக்கொள்ளட்டும். இரண்டு முறையும் ஒரே காந்தாரம் வாசித்தால் எவ்வளவு சத்தம் வைத்தாலும் எடுபடாது.

கீபோர்டின் இடது கை பேஸ் கிட்டாரின் ஸ்தாயிக்கு இறங்கக் கூடாது. கல்யாண மண்டப எதிரொலியில் இரண்டும் குழம்பிக் கலங்கிவிடும். ஆதார ஸ்வரத்தைப் பேஸுக்கே விட்டுவிடுங்கள். மூலப் பதிவில் தபேலாவின் இடத்தில் இருப்பது ரே பாரெட்டோ கையால் தட்டி வாசித்த காங்கா என்ற நெட்டை மத்தளம். அதனால் தபேலாக்காரர் நடையை மாற்றாமல் பிடிக்க வேண்டும். நாலு பாருக்கு ஒரு உருட்டல் போட்டால் கிட்டார் சோலோவுக்கு மூச்சுவிட இடமிருக்காது.

கேள்வி: அவருடைய வேறு எதைக் கேட்கலாம்?
– வாசகி, அடையாறு

பதில்: முதலில் அன்டோனியோ கார்லோஸ் ஜோபிமின் ‘ஸ்டோன் ஃபிளவர்’ (1970). அதற்கு இசைக்கோர்ப்பு டியோடாட்டோ. அடக்கம் அழகாக இருக்கும். பிறகு கூல் அண்ட் த கேங்கின் ‘செலிப்ரேஷன்’ (1980), தயாரிப்பு இவர். கடைசியாக பியோர்க்கின் ‘ஹோமோஜெனிக்’ (1997). அதில் இவர் கோர்த்த தந்தி வாத்தியங்களை மட்டும் தனியே காது கொடுத்துக் கேளுங்கள்.