ஃபெசன்ட் வேட்டைக்குப் பெரிய குழு நல்லதா, சிறிய குழுவா?

ஃபெசன்ட், கோழிக் குடும்பத்துப் பறவை. அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில் மக்காச்சோள வயல்களில் இதை வேட்டையாடுகிறார்கள். ஆள் வந்தால் உடனே பறக்காது, பயிருக்குள் ஓடும். எத்தனை பேர் வேண்டும் என்பது இந்த ஓட்டத்தைப் பொறுத்தது.

அகன்ற வயலுக்குப் பெரிய குழு வேண்டும்: ஆட்கள் ஒரே வரிசையாகத் துரத்திவர, எதிர்முனையில் சிலர் மறித்து நிற்பார்கள். ஓட வழியில்லாமல் பறவை அங்கே எழும்பும். வரிசை வளைந்தால் இடைவெளியில் நழுவிவிடும். இருபுறமும் துப்பாக்கி இருப்பதால் தாழப் பறப்பதைச் சுடவே கூடாது.

வேலியோரம், ஓடைக்கரை போன்ற குறுகிய இடங்களுக்கு இரண்டு பேரும் ஒரு நாயும் போதும். காற்றுக்கு எதிரே பேசாமல் நடந்து, அவ்வப்போது நிற்க வேண்டும். காலடி ஓய்ந்ததும் பதுங்கியது பதறி எழும்பும். தப்பிய கோழியைத் தோட்டத்தில் பிடிக்க நாலு பேர் வேண்டும், சந்தில் ஒருவர் போதும் அல்லவா?

கூட்டம் பெருத்தால் ஆளுக்கு அதிகம் கிடைக்கும் என்பது தவறு: அங்கே ஒருவருக்கு நாளுக்கு 3 சேவல்தான், பெட்டைக்கு அனுமதியே இல்லை.